கால் சுற்று போதும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறைக் கருத்தரங்கக் கூடத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே "கியர் சைக்கிளின் பின் டிரெய்லரைச் சரி செய்வது எப்படி" என்று தலைப்பு போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு மூன்று பேர் போன் செய்தார்கள். "என்னப்பா, போன வருஷம் ஒருத்தர் செயற்கை நுண்ணறிவு பேசினார், நீ சைக்கிள் ரிப்பேர் பேசப் போறியா?" என்று கேட்டார்கள். ஆமாம், அதைத்தான் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. 2020இல் ஊரடங்கு வந்தபோது உலகம் முழுக்க சைக்கிள் விற்பனை ஏறியது. நம் வகுப்புத் தோழர்களிலும் பலர் கியர் சைக்கிள் வாங்கினார்கள். இன்று அவை எங்கே இருக்கின்றன? பாதிக்கு மேல் அடுக்கு மாடிக் குடியிருப்பின் பால்கனியில், துண்டு காயப் போட. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "கியர் சரியா விழ மாட்டேங்குது." நம் விடுதி ஷெட்டிலும் இதே கதைதான் என்று காலையில் ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தேன். இருபத்தொரு கியர் சைக்கிளை வாங்கி, ஒரே கியரில் ஓட்டிக் கொண்டிருக்கும் தம்பிகளை அங்கே பார்த்தேன்.

முதலில் பெயர். டிராக்டர் இழுத்துக் கொண்டு போகும் டிரெய்லருக்கும் இதற்கும் தமிழில் எழுத்து வித்தியாசம் கிடையாது. இது பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்குவதைக் குறிக்கும் வினைச் சொல்தான் மூலம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து வேண்டுமென்றே தடம் புரள வைத்து அடுத்ததில் ஏற்றுகிற கருவி. தமிழில் "தடம்புரட்டி" என்று சொல்லலாம். நான் கடைக்காரர் சொல்கிறபடி டிரெய்லர் என்றே சொல்லிக் கொண்டு போகிறேன்.

இந்தத் தடம் புரட்டும் யோசனை அவ்வளவு சுலபத்தில் ஏற்றுக் கொள்ளப்படவில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை இதை அனுமதிக்கவே இல்லை. அதுவரை வீரர்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக் கொண்டு ஏறுவார்கள். 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம் டிரெய்லரின் உடலைச் சாய்வாக அமைத்தது. மேல் புல்லி, சின்னப் பல்சக்கரமோ பெரியதோ எதற்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்க ஆரம்பித்தது. 1984இல் ஷிமானோ நிறுவனம் "க்ளிக்" என்று ஒரு சத்தம், ஒரு கியர் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் லீவரைத் தள்ளி, காதால் கேட்டு, செயின் சத்தம் அடங்கும் வரை ஓட்டுபவரே தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அட்ஜஸ்ட்மென்ட் என்பது ஓட்டுபவரின் கட்டை விரலில் இருந்தது. க்ளிக் வந்த பிறகு அது கேபிளின் நீளத்துக்கு மாறிவிட்டது. நம் தொல்லையெல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பம்.

இரண்டாம் ஆண்டில் நான்கு இணைப்பு இயங்கமைவு படித்தோமே, நினைவிருக்கிறதா? தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்துவிட்டு மறுநாள் மாலை மறந்தோமே, அதுதான். டிரெய்லரைப் பக்கத்திலிருந்து பாருங்கள். நான்கு ஊசிகள், நான்கு கைகள், எதிரெதிர் கைகள் சம நீளம். சுத்தமான இணைகரம். அதனால்தான் புல்லிகளைத் தாங்கும் கூடு உள்ளே வெளியே நகரும்போது திரும்பாமல், ஒரே திசையைப் பார்த்தபடி நகர்கிறது. உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதை எப்போதும் வெளிப்பக்கமாக, அதாவது சின்னப் பல்சக்கரத்தை நோக்கித் தள்ளுகிறது. கேபிள் அதை உள்பக்கமாக, ஆரக்கால்களை நோக்கி இழுக்கிறது. ஒரு பக்கம் ஸ்பிரிங், மறு பக்கம் கேபிள். இந்த இழுபறி எங்கே சமமாகிறதோ அங்கே செயின் நிற்கிறது. இதைப் பிடித்துக் கொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஏழு பல்சக்கரம் உள்ள பின்சக்கரத்தை எடுத்துக் கொள்வோம், ஏனென்றால் நம்மூரில் விலை குறைந்த கியர் சைக்கிள்களில் அதிகம் வருவது அதுதான். அடுத்தடுத்த இரண்டு பல்சக்கரங்களின் இடைவெளி 5 மி.மீ. ஷிமானோவின் இந்த வகை டிரெய்லரில் கேபிள் 1 மி.மீ. நகர்ந்தால் புல்லி ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். அப்படியானால் ஒரு கியருக்கு ஷிஃப்டர் இழுக்க வேண்டிய கேபிள் சுமார் 2.9 மி.மீ. கேபிள் முனையில், டிரெய்லரிலோ ஷிஃப்டரிலோ, விரலால் திருகுகிற ஒரு சின்ன பீப்பாய் மாதிரி இருக்கும், அதை பேரல் அட்ஜஸ்டர் என்கிறோம். அதன் மரை இடைவெளி 0.8 மி.மீ. என்று வைத்துக் கொள்ளுங்கள். கால் சுற்று திருகினால் கேபிளில் 0.2 மி.மீ., புல்லியில் 0.34 மி.மீ. அதாவது ஒரு கியரின் பதினைந்தில் ஒரு பங்கு. முழுச் சுற்று திருகினால் கால் கியருக்கு மேல். இரண்டு சுற்று திருகினால் அரை கியரைத் தாண்டிவிட்டீர்கள், இப்போது புல்லி இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது! "திருகத் திருக மோசமாகுது சார்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். கால் சுற்று, ஒரு தடவை கியர் மாற்றிப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. இதற்கு மேல் ஒரே மூச்சில் திருகவே கூடாது. எட்டு பல்லில் இந்த இடைவெளி 4.8 மி.மீ., பத்தில் 4 மி.மீ.க்கும் கீழே. கியர் கூடக் கூட தப்புக்கு இடம் குறைகிறது. பத்து கியர் வண்டியைக் காட்டி "என் வண்டி உன்னதை விட உசத்தி" என்று சொல்கிறவர் அதற்கேற்ற பொறுமையையும் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

டிரெய்லரின் பின்புறம் அல்லது பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். பக்கத்தில் "எச்", "எல்" என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருப்பார்கள். கியர் சரியாக விழவில்லை என்றவுடன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொண்டு எல்லோரும் முதலில் பாய்வது இவற்றின் மேல்தான். இவற்றுக்கும் கியர் மாறும் நயத்துக்கும் சம்பந்தமே இல்லை. இவை இரண்டும் வெறும் சுவர்கள். எச் என்பது வெளிச் சுவர், சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி செயின் வெளியே விழாமல் தடுப்பது. எல் என்பது உள்சுவர், பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி செயின் ஆரக்காலுக்குள் போகாமல் தடுப்பது. இரண்டையுமே வலப்புறம் திருகினால் சுவர் நெருங்கும், நடமாட்டம் குறையும். இடப்புறம் திருகினால் சுவர் விலகும். நடுவில் இருக்கிற ஐந்து கியர்களுக்கு இந்தச் சுவர்களோடு ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. மூன்றாவது கியரில் கடகட என்று சத்தம் வருகிறது என்று எல் ஸ்க்ரூவைத் திருகுவது, ஹாலில் ஃபேன் ஓடவில்லை என்று வாசல் கதவை இழுத்துச் சாத்துகிற மாதிரி.

ஆனால் அந்த உள்சுவர் இருக்கிறதே, அதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கொஞ்சம் நின்று கேளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நிதானமானவர், வண்டியைத் துடைத்துத்தான் உள்ளே வைப்பார். 2022இல் ஒரு சனிக்கிழமை அவர் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது இவர் சைக்கிளில் பட்டு, சைக்கிள் வலப்புறமாகச் சாய்ந்து விழுந்தது. பெயின்ட் கூட உரியவில்லை. நிமிர்த்தி வைத்துவிட்டார். மறுநாள் நண்பர்களோடு கொல்லிமலை. உங்களுக்குத் தெரியும், 70 கொண்டை ஊசி வளைவு. சமதளத்தில் லேசாக "டிக் டிக்" என்று சத்தம் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றம் தொடங்கி மூன்றாவது வளைவில், மிதிக்க முடியாமல் கடைசி கியருக்கு, அதாவது பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினார். செயின் பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே போனது. டிரெய்லரின் கூடு ஆரக்காலில் சிக்கியது. சக்கரம் அதை அப்படியே சுருட்டி மேலே இழுத்துக் கொண்டு போய் இறுகி நின்றது. உடம்பின் பாரம் முழுவதும் பெடலில் இருந்த நேரம். மனிதர் பக்கவாட்டில் விழுந்தார், காறை எலும்பு முறிந்தது. பின்னால் பேருந்து எதுவும் வராதது அவர் அதிர்ஷ்டம்.

வண்டியை நான்தான் பிறகு பிரித்துப் பார்த்தேன். எல் ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் கடையில் வைத்த பெயின்ட் புள்ளி கூட அசையவில்லை. சனிக்கிழமை காலை சரியாக இருந்த அதே ஸ்க்ரூ, ஞாயிற்றுக்கிழமை தப்பாகிவிட்டது. எப்படி?

டிரெய்லர் நேராக சைக்கிள் சட்டத்தில் மாட்டப்பட்டிருப்பதில்லை. பல வண்டிகளில் ஹேங்கர் என்று ஒரு சின்ன அலுமினியத் துண்டு நடுவில் இருக்கும். சட்டம் உடையாமல் இருக்க இது வளையட்டும் என்று வேண்டுமென்றே மெதுவான உலோகத்தில் செய்தது. மின்சாரத்துக்கு ஃபியூஸ் மாதிரி. வண்டி வலப்புறம் விழுந்தால் டிரெய்லர் தரையில் மோதும், ஹேங்கர் உள்பக்கமாக வளையும். டிரெய்லர் மொத்தமும் சக்கரத்தை நோக்கி ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சுவர் டிரெய்லருக்குள்தான் இருக்கிறது, எனவே சுவரும் சேர்ந்து நகர்கிறது. நம் அளவை ஆய்வகத்தில் டேட்டம் என்று சொல்வோமே, எல்லா அளவுக்கும் ஆதாரமான தளம், அதுவே சாய்ந்துவிட்டால் அதிலிருந்து எடுத்த எல்லா அளவும் பொய்தானே!

இன்னொன்றும் உண்டு. வளைந்த ஹேங்கரால் வரும் பிழை எல்லா கியரிலும் ஒரே அளவில் இருக்காது. பெரிய பல்சக்கரத்துக்குப் போகப் போக மேல் புல்லி கீழே இறங்கும், சாய்வால் வரும் விலகலும் கூடும். ஆகையால் இரண்டாவது சின்னப் பல்லில் கச்சிதமாக வைத்தால் ஐந்தாவதில் சத்தம் வரும், ஐந்தாவதைச் சரி செய்தால் இரண்டாவதில் வரும். பேரல் அட்ஜஸ்டரை எந்தப் பக்கம் திருகினாலும் எல்லா கியரும் ஒன்றாக அமையவில்லை என்றால், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஹேங்கரைப் பாருங்கள்.

பார்ப்பது எப்படி? வண்டிக்கு நேர் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கொண்டு பாருங்கள். செயினைத் தாங்கும் இரண்டு புல்லிகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக, பல்சக்கரத்துக்கு இணையான ஒரே தளத்தில் தொங்க வேண்டும். கீழ்ப் புல்லி சக்கரத்தின் பக்கம் ஒதுங்கியிருந்தால் ஹேங்கரோ கூடோ வளைந்திருக்கிறது. கண்ணுக்கே தெரிகிறது என்றால் அது நிறைய வளைந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத வளைவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருக்கிறது. ஒரு நீண்ட கை. அதன் ஒரு முனையை டிரெய்லர் மாட்டும் துளையில் திருகிவிட்டு, மறு முனையை ரிம்மின் மேல், கீழ், முன், பின் என்று நாலு இடத்தில் சுழற்றி வைத்துப் பார்ப்பது. நாலு இடத்திலும் ரிம்முக்கும் அதற்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கையாலேயே மெல்ல நெம்பி நேராக்கலாம். அலுமினியம் என்பதால் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் முறிந்து போகும். ஹேங்கரின் வடிவம் வண்டிக்கு வண்டி மாறும், நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லா வண்டிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பொது வடிவத்தை ஸ்ராம் நிறுவனம் 2019இல் கொண்டு வந்தது, ஆனால் நம்மிடம் இருக்கிற பழைய வண்டிகளுக்கு அது உதவாது. எனவே வண்டி வாங்கும்போதே உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை உபரியாக வாங்கி, சீட்டுக்கடியில் பையில் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். மிகவும் விலை குறைந்த வண்டிகளில் தனி ஹேங்கர் இருக்காது. டிரெய்லரோடு சேர்ந்த ஒரு தகடு அச்சில் நேராக மாட்டியிருக்கும். அதுவும் வளையும்.

சரி, ஹேங்கர் நேராக இருக்கிறது. இனி வேலையைத் தொடங்கலாம். வேண்டியது ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு 5 எம்.எம். அலன் கீ, கொஞ்சம் எண்ணெய், பழைய துணி. வண்டியைத் தூக்கி நிறுத்த ஸ்டாண்டு கிடையாதே என்பார்கள். சீட்டைக் கயிற்றால் கட்டி ஜன்னல் கம்பியிலோ வேப்பமரக் கிளையிலோ தொங்கவிட்டால் போதும், பின்சக்கரம் தரையில் படாமல் இருந்தால் சரி. சக்கரம் சுற்றும்போது விரலைப் பல்சக்கரத்தருகே கொண்டு போகாதீர்கள். செயினும் பல்சக்கரமும் விரலை எடுத்துக் கொண்டால் திருப்பித் தராது.

முதலில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான். கேபிள் இழுத்துக் கொண்டிருக்கும்போது சுவர் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேபிள் போனால் ஸ்பிரிங் டிரெய்லரை வெளிச் சுவரில் கொண்டு போய் நிறுத்தும். பெடலை மெதுவாகச் சுற்றி, பின்னாலிருந்து பாருங்கள். மேல் புல்லி, மிகச் சின்னப் பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே வர வேண்டும். வரவில்லையென்றால் எச் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருகிக் கொண்டு வாருங்கள்.

அடுத்தது உள்சுவர். பெடலை ஒரு கையால் சுற்றிக் கொண்டே, மற்றக் கையால் டிரெய்லரின் உடலைப் பிடித்து உள்பக்கம் தள்ளுங்கள். செயின் படிப்படியாக ஏறிப் பெரிய பல்சக்கரத்துக்கு வரும். இப்போது மேல் புல்லி அந்தப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும், எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது. போனால் எல் ஸ்க்ரூவை வலப்புறம் திருகுங்கள். ரொம்பத் திருகிவிட்டால் செயின் பெரிய பல்லில் ஏறவே ஏறாது. அப்போது கால் சுற்று விடுங்கள், போதும். பின்சக்கரத்தில் ஆரக்காலுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வருமே, அதை "அசிங்கமா இருக்கு" என்று கழற்றி எறிகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அது இருக்கட்டும். உள்சுவர் ஏமாற்றினால் இருக்கிற கடைசித் தடுப்பு அதுதான்.

இனி கேபிள். ஷிஃப்டரை ஏழாம் எண்ணில், அதாவது சின்னப் பல்லுக்கான நிலையில் வையுங்கள். பேரல் அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகிவிட்டு ஒரு சுற்று வெளியே எடுத்து வையுங்கள், இரண்டு பக்கமும் திருக இடம் இருக்கும். கேபிளைக் கையால் தொய்வில்லாமல் இழுத்து, அதற்கென்று உள்ள பள்ளத்தில் படிய வைத்து அலன் கீயால் இறுக்குங்கள். பள்ளத்தில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேபிள் ஸ்க்ரூவின் தப்பான பக்கமாகப் போனால் நெம்புகோலின் நீளமே மாறிவிடும். 1.7 என்று நாம் போட்ட கணக்கு அடியோடு போச்சு. அதன் பிறகு எந்தத் திருகலும் பலிக்காது.

இப்போது ஒரு க்ளிக். ஏழிலிருந்து ஆறு. பெடலைச் சுற்றினால் செயின் தயங்காமல் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கேபிள் தொய்வு, பேரலை இடப்புறம், அதாவது வெளியே வருகிற மாதிரி, கால் சுற்று. ஒரேயடியாக ஐந்துக்குத் தாவினால் இறுக்கம் அதிகம், வலப்புறம் கால் சுற்று. ஏறிவிட்டதா? இன்னும் நுணுக்கமாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது. ஆறில் நிற்கும்போது, பெடலைச் சுற்றிக் கொண்டே பேரலை மெல்ல வெளியே எடுங்கள். ஒரு கட்டத்தில் செயின் பக்கத்து ஐந்தாம் பல்லில் உரசி "கிர்ர்" என்று சத்தம் கொடுக்கும். அங்கிருந்து சத்தம் நிற்கும் வரை மட்டும் உள்ளே திருகுங்கள். அதுதான் இடம். அதன் பிறகு ஒவ்வொரு கியராக ஏறி இறங்கிப் பாருங்கள். ஹேங்கர் நேராக இருந்தால் மற்ற கியர்கள் தாமாகவே வந்துவிடும்.

மேல் புல்லியை விரலால் ஆட்டிப் பார்த்து "இது ஆடுது, தேஞ்சு போச்சு" என்று மாற்றச் சொல்வார்கள், பணத்தை வீணாக்காதீர்கள். ஷிமானோவின் மேல் புல்லியில் பக்கவாட்டில் அந்தச் சின்ன ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. செயின் தனக்கு வேண்டிய நடுப்புள்ளியைத் தானே தேடிக் கொள்ளட்டும் என்பதற்காக.

இவ்வளவும் செய்தும் ஒரு வழக்கு தீராமல் இருக்கும். பெரிய பல்லை நோக்கிப் போகும்போது கச்சிதமாக மாறுகிறது, திரும்பி வரும்போது தயங்குகிறது. கேபிளைத் தளர்த்தினால் திரும்பி வருவது சரியாகிறது, போவது கெடுகிறது. இதற்குப் பெயர் தம்பிகளுக்குத் தெரிந்திருக்கும்: ஹிஸ்டெரிசிஸ். போன வழியில் திரும்பாதது. இழுக்கும்போது உங்கள் கட்டை விரலின் பலம் இருக்கிறது, எவ்வளவு உராய்வு இருந்தாலும் இழுத்துவிடும். திரும்பும்போது வேலை செய்வது அந்தச் சின்ன ஸ்பிரிங் மட்டும். உறைக்குள் துரு இருந்தால் அதனால் முடியாது. எந்த ஒரு திருகலாலும் இரண்டு பக்கத்தையும் சரி செய்ய முடியாது, ஏனென்றால் இது நீளத்தின் பிழை அல்ல, உராய்வின் பிழை. குற்றவாளி பெரும்பாலும் டிரெய்லருக்குப் பின்னால் வளைந்து வருகிறதே, அந்தக் கடைசி உறைத் துண்டுதான். மழைத் தண்ணீரும் சேறும் அங்கேதான் போய்த் தங்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்று வேறு. கேபிளை வெளியே எடுத்துத் துடைத்து, உறைக்குள் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பாருங்கள். உள்ளே சொரசொரப்பாக இருந்தால் அந்த ஒரு துண்டை மாற்றுங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதி இதோடு சரியானவை.

மாற்றும்போது கவனம். பிரேக் கேபிளின் உறையைக் கியருக்குப் போட்டுவிடாதீர்கள். கடையில் கியர் உறை தீர்ந்துவிட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று போட்டுவிடுவது உண்டு. ஒன்றல்ல. பிரேக் உறைக்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருளாகச் சுற்றியிருக்கும். இழுப்பு வந்தால் அமுங்கும், கைப்பிடியைத் திருப்பினால் நீளம் மாறும். பிரேக்குக்கு அது பரவாயில்லை. கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. 2.9 மி.மீ. நகர்வை நம்பி இருக்கிற இடத்தில் அரை மி.மீ. அமுங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். ஆனால் இதையே திருப்பிச் செய்துவிடாதீர்கள். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அந்த அழுத்தத்தில் அது பிளந்துவிடும், பிரேக்கே இருக்காது. உறையை வெட்டும்போது முனை நேராக இருக்க வேண்டும், பிசிறிருந்தால் அரத்தால் ராவி, முனையில் குப்பி மாட்டுங்கள். புதுக் கேபிள் போட்டு இரண்டு வாரத்தில் கியர் பிசகினால் பயப்பட வேண்டாம். "கேபிள் நீண்டுடுச்சு" என்பார்கள். எஃகுக் கம்பி நம் விரல் பலத்தில் அப்படியெல்லாம் நீளாது. உறையின் முனைகள் தத்தம் குப்பியில் போய்ச் சரியாக உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். பேரல் அட்ஜஸ்டரில் கால் சுற்று, தீர்ந்தது.

செயின் தேய்ந்திருந்தாலும் இத்தனை உழைப்பும் வீண். சோதிக்க ஓர் அளவுகோல் போதும். செயினின் ஓர் ஊசியின் நடுவிலிருந்து இருபத்து நான்காவது கண்ணியின் ஊசி வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் பல்சக்கரங்களையும் தின்று முடித்திருக்கும், சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கை கேட்டார்: "அண்ணா, இப்போ எலக்ட்ரானிக் கியர் வந்துடுச்சே, இதெல்லாம் இனிமே தேவையா?" நல்ல கேள்வி. ஷிமானோ 2009லேயே மின்சாரத்தில் இயங்கும் டிரெய்லரைப் பந்தய வண்டிகளுக்குக் கொண்டு வந்துவிட்டது. கேபிளும் துருவும் அதில் இல்லை, கால் சுற்றுக்குப் பதில் பொத்தான். ஆனால் சுவர் ஸ்க்ரூக்கள் அதிலும் இருக்கின்றன. ஹேங்கர் வளைந்தால் அதிலும் செயின் ஆரக்காலுக்குள்தான் போகும். அதன் விலையில் நம்மூரில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம், அது வேறு விஷயம்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஹேங்கரைச் சோதிக்கும் அந்த நீண்ட கைக் கருவி எல்லாச் சைக்கிள் கடையிலும் இருப்பதில்லை. ஒவ்வொரு மாணவரும் வாங்கி வைக்கத் தேவையும் இல்லை. சங்கத்தின் சார்பில் ஒன்று வாங்கி நம் வொர்க்ஷாப்பில், வெர்னியர் காலிபர் வைக்கிற அதே அலமாரியில் வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகிற மாதிரி ஏற்பாடு செய்ய வேண்டும். செலவை எங்கள் ஆண்டு மாணவர்கள் ஏற்றுக் கொள்கிறோம், நேற்று இரவே பேசி முடித்துவிட்டோம். கூடவே கேபிள் வெட்டும் கட்டர் ஒன்று, கியர் உறை ஒரு சுருள். விடுதியிலிருந்து மலைப் பக்கம் போகும் தம்பிகள் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை வந்து பார்த்துக் கொள்ளலாம். வண்டி எப்போதாவது வலப்புறமாக விழுந்திருந்தால் கட்டாயம் வர வேண்டும் என்று பேராசிரியர் ஒரு வரி எழுதி ஷெட்டில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டரை மணிக்கு விடுதி ஷெட்டில் இருப்பேன். என் கருவியைக் கொண்டு வந்திருக்கிறேன். உங்கள் வண்டியைக் கொண்டு வாருங்கள், பழைய துணியும் ஒன்று கொண்டு வாருங்கள், வேட்டி கட்டி வந்திருக்கும் அண்ணன்மார்கள் மாற்றிக் கொண்டு வருவது நல்லது.